பொட்டு வைத்த புத்தகங்கள்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. ஒரு ஆண்டு மலருக்கு, "பொது நூலகத்தின் பயன்கள்" என்று இரண்டு பக்கம் கேட்டார்கள். கேட்டவர் வேண்டப்பட்டவர். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்தேன்.

நூலகம் என்பது அறிவுக் கோயி

அதோடு பேனாவை மூடிவிட்டேன். எழுதுகிற எனக்கே கொட்டாவி வந்தால் உங்களுக்கு வராதா?

கட்டுரை போய்த் தொலையட்டும். எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் கோல சிலாங்கூரில் ஒரு சின்ன நூலகம். கவுண்டரில் ஆமினா, கலியாணமாகாத பெண். (நூலகமும் அவளும் என் கற்பனை. பேருந்தை விட்டு இறங்கித் தேடிக்கொண்டு அலையாதீர்கள்.) அவளுடைய வாப்பா மஸ்தான் கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மகள் வேலைக்குப் போவேன் என்று நின்றபோது ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நூலகத்தில் மலாய்ப் பிள்ளைகள் பாடம் எழுதுவார்கள். சீனப் பெரியவர் ஒருவர் பேப்பரை விரித்துவைத்துத் தூங்குவார். ஜன்னலோரம் ஒரே ஒரு தமிழ் அலமாரி. அது ஆமினாவின் பொறுப்பு.

(பயன்கள் இங்கே வர வேண்டும் அல்லவா? ஒன்றே ஒன்று சொல்கிறேன். மஸ்தான் கடையில் காற்றாடிக்குக் கீழே உட்கார ஒரு தேத்தண்ணியாவது சொல்ல வேண்டும். நூலகத்தில் வேண்டாம். டவுனில் அப்படி இன்னொரு நாற்காலி கிடையாது. கட்டுரை முடிந்தது.)

2

வள்ளியம்மாவை முதலில் ஒல்லியாக, கண்ணில் நீர் கட்டியவளாக எழுதினேன். பாவமாக இருந்தால் வாசகர் இரங்குவார் என்று ஒரு நப்பாசை. அப்புறம் அடித்துவிட்டேன். எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் வாரம் முழுக்கக் குனிந்து உதிரிப் பழம் பொறுக்குகிறவள், சனிக்கிழமை மத்தியானம் குளித்து, பவுடர் பூசி, பூ வைத்து டவுனுக்கு வருகிறாள். அவள் எதற்கு அழுது வடிய வேண்டும்? வந்ததும் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொள்வாள்.

"தங்கச்சி, சாவு இல்லாத கதையா ஒண்ணு குடு. போன தடவ அந்தப் பொண்ணு செத்துப்போயி, லயமே சோறு திங்கல."

லயம் என்றது தோட்டத்து வீட்டு வரிசையை. அங்கே பெரியவர்களில் சரளமாகத் தமிழ் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். விளக்கு வைத்தபின் வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாள். அக்கம்பக்கத்தார் பாயோடு வந்து சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். புத்தகம் முடிந்தால், "அத நாங்க படிச்சிட்டோம்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், எழுத்தே தெரியாத சன்னாசி உட்பட. அங்கே அதுதான் வழக்கம். யாரும் அதைப் பொய்யென்று நினைத்ததில்லை.

3

தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. தமிழ்ப் புத்தகம் எடுப்பது ஒரே ஒரு ஆள். ஒரு ஆளுக்கு ஒரு அலமாரியா? அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். தேவையில்லை என்று பட்டால் புத்தகங்கள் வேறு ஊருக்குப் போகும்.

ஆமினாவுக்கு அழுகை முட்டியது. அலமாரி போனால் வள்ளியம்மாவும் வரமாட்டாள். அந்த முழங்கை இல்லாத சனிக்கிழமையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அக்கா, எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. ஆளுக்கொரு கார்டு போட்டுத் தரேன்."

அடுத்த சனிக்கிழமை லோரியில் லயமே வந்து இறங்கியது. ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கு இரண்டு புத்தகம். சன்னாசி தடிமனாகப் பார்த்து எடுத்தார். அலமாரி காலியானது. ஆமினா பூரித்துப்போனாள்.

தப்பு இங்கேதான் நடந்தது. தோட்டத்தில் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், சைக்கிளோ ரேடியோவோ, சந்தனம் குங்குமம் வைத்துச் சாமிக்குக் காட்டிய பிறகுதான் தொடுவார்கள். இது தங்கள் பேரில் வீட்டுக்குள் வந்த முதல் புத்தகம். சும்மா விடுவார்களா?

4

அதிகாரி வரும் நாளில் அலமாரி மொட்டையாக நிற்கக் கூடாது, புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆமினா சொல்லியனுப்பியிருந்தாள். வள்ளியம்மா வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, கூடை கூடையாகச் சுமந்துவந்து இறக்கினாள். ஒவ்வொரு அட்டையிலும் பொட்டு.

ஆமினா தலையில் கை வைத்தாள். முக்காட்டு நுனியால் துடைத்துப் பார்த்தாள். குங்குமம் போகவில்லை, இழுபட்டுப் பரவியது. அதற்குள் அதிகாரி உள்ளே வந்துவிட்டார்.

அவர் மலாய்க்காரர். (வில்லனாக்கிப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.) கோபப்படாமல் புத்தகங்களையும் கடன் பதிவேட்டையும் புரட்டினார். எல்லாம் ஒரே நாளில் ஒரே தோட்டத்துக்குப் போயிருக்கின்றன. பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். இவர்கள் இதைப் படிக்கிறார்களா, கும்பிடுகிறார்களா என்று ஆமினாவிடம் மலாயில் கேட்டார். உண்மையில் எத்தனை பேர் படிக்கிறார்கள், இந்த அம்மாவையே கேட்டு எனக்குச் சொல் என்றார்.

5

இந்த இடத்தில் நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

சன்னாசி வந்து முழுக் கதையையும் ஒப்பிக்கிறார், அதிகாரி வெட்கித் தலைகுனி (அடித்துவிட்டேன். சன்னாசி பாதிக் கதையில் குறட்டை விடுகிறவர்.)

அதிகாரி கண்கலங்கி இரண்டாவது அலமாரி தருகிறார். (எந்த ஊரில்?)

வெறும் சுவரின் முன் வள்ளியம்மா தனியாக நிற்கி (பரிசு கிடைக்கும். ஆனால் அவள் என்னோடு பேசமாட்டாள்.)

நான் இப்படி அடித்துத் திருத்திக்கொண்டிருந்தபோதே, என்னைக் கேட்காமல் அவள் பதில் சொல்லிவிட்டாள். சந்தையில் பேசிப் பழகிய மலாய் அவளுக்கும் உண்டு, கேள்வி புரிந்திருந்தது. ஆனாலும் ஆமினாவைப் பார்த்துத் தமிழில்தான் சொன்னாள்.

"படிக்கிறது நான் ஒருத்திதான் தங்கச்சி. எனக்காகப் பொய் சொல்லி ஒன் வேலைக்கு வேட்டு வச்சுக்காத. ஆனா நான் எனக்கு மட்டும் படிக்கல. அதையும் சேத்துச் சொல்லு."

6

அவர் கேட்டது ஒரு எண்ணை மட்டும்தான். அவள் சொன்னதில் இரண்டாவது பாதியை வைக்க அந்தக் கேள்வியில் இடமில்லை. ஒன்று என்றால் அலமாரி போகும். லயத்தையே எண்ணிச் சொன்னால் அலமாரி இருக்கும். அது பொய்யா? ஆமினா அதிகாரியைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அந்த அலமாரி அங்கேயே இருக்க வேண்டும் என்று எனக்கு வெறி. அதற்காக எந்த எண்ணையும் கூசாமல் எழுதிவிடுவேன். அதனால்தான் நான் எழுதக் கூடாது. நீங்கள் சொல்லுங்கள், ஆமினா அதை மலாயில் சொல்வாள்.

சொல்லுமுன் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். வள்ளியம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அவளுக்கு மலாயில் எண்ணத் தெரியும்.