பதினோரு கல்

காலை ஆறே காலுக்கு வாலாஜாபாத் பஸ் போயிற்று. கல் பதிக்க வந்த எல்லப்பன் கொல்லைப்புறமாக நுழைந்து கடப்பாரையைச் சுவரில் சாத்தினான். முற்றத்தில் அடுக்கியிருந்த கற்கள் ஈரமாக இருந்தன. நேற்று பெயர்க்கும்போது அவற்றின் மேல் கரியால் அவன் எழுதிய வரிசை எண்கள் இல்லை.

"இன்னாம்மா, நம்பர் எல்லாம் எங்க?"

"அலம்பி விட்டேன்" என்றாள் ரங்கநாயகி.

வேலையாட்கள் தொட்ட இடத்தில் தீட்டு என்று சாயங்காலம் தண்ணீர் விடுவது அந்த வீட்டு வழக்கம். கூட வந்த முனிரத்தினம் சிரித்தான்.

"நம்ப மேல ஊத்தாம வுட்டாங்களே."

ரங்கநாயகியின் கணவர் வேதாந்தத்துக்குப் பார்வை போய் நான்கு வருடம். கூடத்திலிருந்து கிணறு வரை பதினோரு கல். சிறு வயதிலிருந்து நடந்த கல். நடுவில் ஒரு சமயம் அதன் மேல் சிமெண்டு பூசியிருந்தார்கள். அந்த வழவழப்பில் இடம் தெரியாமல் இரண்டு முறை விழுந்தார். சிமெண்டைப் பெயர்த்து, கல்லைப் பழைய வரிசையில் பதித்தால், யார் தோளையும் பிடிக்காமல் கிணற்றுக்குப் போகலாம்.

"எல்லாம் ஒரே அளவு சாமி. எது எங்கன்னு இனிமே தெரியாது" என்றான் எல்லப்பன், கூடத்து வாசலில் நின்ற வேதாந்தத்திடம்.

"ஒவ்வொண்ணா போடு. மிதிச்சுப் பாக்கறேன்."

முதல் கல்லில் கால் வைத்தவர் தடுமாறினார். எல்லப்பன் கையை நீட்டினான், பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"கையைக் குடுடா, விழப்போறேன்."

கொடுத்தான். ரங்கநாயகி ஓர் அடி முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"இது இல்லை. கூடத்துக் கல்லுல உலக்கை விழுந்த குழி இருக்கும்."

அடுத்தது. அதற்கடுத்தது. ஐந்தாவதில் குழி இருந்தது. எல்லப்பன் அதைக் கூடத்து வாசற்படியை ஒட்டிப் பதித்தான். மத்தியானத்துக்குள் ஏழு கல் இடம் சேர்ந்தன.

"சாமி காலு ரசமட்டம் மாதிரி கீது, மேடு பள்ளம் எல்லாம் சொல்லுது" என்றான் முனிரத்தினம்.

சாயங்காலம் மீதி நாலு கல்லும் இடம் சேர்ந்தபின் இடுக்குகளில் சுண்ணாம்பு பூசினார்கள்.

"விடியற வரிக்கும் தண்ணி படக் கூடாதும்மா. பட்டா கல்லு ஆடும்" என்று சொல்லிவிட்டு எல்லப்பன் கொல்லைப்புறமாகப் போனான். முனிரத்தினமும் போனான்.

வேதாந்தம் தனியாக நடந்தார். பதினோராவது கல்லில் நின்று கையை நீட்டினார். கிணற்றுக் கயிறு கையில் பட்டது.

பின்னால் கூடத்துப் பக்கம் வாளியின் பிடி சத்தமிட்டது. அவர் திரும்பவில்லை.

"சுண்ணாம்பு இன்னும் காயலை. வாளியை எதுக்கு எடுத்தே, ரங்கா?"