இன்னொரு தடவை பார்த்துடலாம்

அக்கா கையில் ஸ்பானர் ஏறினால் விமானம் நேரத்துக்குக் கிளம்பாது என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். அந்தச் சின்ன விமானத்துக்கு அவன் பைலட், அவள் மெக்கானிக். மலைமேல் இருந்த அந்த ஓடுதளத்தில் வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும். உயரத்தில் காற்று ஏற்கெனவே மெலிசு. நடுப்பகல் சூட்டில் இன்னும் மெலிந்துவிடும். இறக்கைக்குப் பிடிமானம் இருக்காது, எஞ்சினுக்கு மூச்சு போதாது.

அன்று விடிந்ததுமே பக்கத்து மலை ஆஸ்பத்திரிக்கான மருந்துப் பெட்டிகளை ஏற்றியாயிற்று. எஞ்சின் மூடியைப் பூட்டிய பிறகுதான் அவளுக்குள் அந்த அரிப்பு தொடங்கியது. ஆயில் குழாய் நட்டை இறுக்கினோமா? இறுக்கித்தான் இருந்தாள். ஆனாலும் திறந்தாள். சரியாக இருந்தது. அதோடு விட மனசு வரவில்லை. ஸ்பார்க் ப்ளக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"ஏன்க்கா, ஒருதடவை பார்த்தா போதாதா? பல் தேய்ச்சோமான்னு சந்தேகப்பட்டு மறுபடி தேய்க்கிற ஆளு நீ."

"வாயை மூடிட்டு நில்லுடா. நடுவானத்துல நின்னு போச்சுன்னா இறங்கித் தள்ளுவியா?"

"வெயிலைப் பாரு. இன்னும் கொஞ்ச நேரம் போனா காக்கா கூட நடந்துதான் போகணும்."

அவள் மூடியைப் பூட்டியபோது நிழல் காலடிக்குள் சுருங்கியிருந்தது.

"சாயங்காலம் போயேன்," என்றாள், குரல் இறங்கி.

"சாயங்காலம் மேகம் மூடிடும். அங்க ஆஸ்பத்திரியில காத்துக்கிட்டு இருக்காங்க. ஓடுதளம் முழுசையும் எடுத்துக்கறேன், விடு."

முழுசையும் எடுத்துக்கொண்டான். சக்கரம் தரையை விட்டபோது ஓடுதளம் முடிந்துபோயிருந்தது. எஞ்சின் சத்தம் சீராகத்தான் இருந்தது. முழு பலத்தோடு உறுமியும் விமானம் மேலே ஏறவில்லை. வேலியைத் தாண்டியது, மூக்கைத் தூக்கியது, இடது இறக்கை துவண்டு பாறைச் சரிவுக்குப் பின்னால் மறைந்தது. பிறகு சத்தமே இல்லை.

அவள் ஓடினாள். அந்தக் காற்று அவளுக்கும் போதவில்லை, நெஞ்சு எரிந்தது. ரேடியோ அறை ஊழியர் பின்னாலிருந்து கத்தினார்: "ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேம்மா! அடிவாரத்துலேர்ந்து வரணும்!"

விமானம் ஒருக்களித்துக் கிடந்தது. பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. உடைந்த கதவு வழியாகக் கையை விட்டுப் பெட்ரோல் வால்வை அடைத்தாள், சுவிட்சை அணைத்தாள். அவனுடைய கால் நசுங்கிய தகட்டுக்கடியில் மாட்டியிருந்தது. ரத்தம். மேல்சட்டையைக் கழற்றித் தொடையைச் சுற்றி இறுக்கினாள்.

"எஞ்சின் சூப்பர்க்கா," என்றான் கண்ணைத் திறக்காமல். "ஒரு இருமல் கூட இல்ல. காத்துதான் இல்ல."

தேற்றத்தான் சொன்னான். அவளுக்கு அங்கேயே பாறையில் மண்டையை மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. காலையில் சும்மா இருந்திருந்தால், அந்தக் குளிர்ந்த காற்றில் அவன் இந்நேரம் அங்கே பத்திரமாக இறங்கியிருப்பான்.

"தூங்காதடா. டேய். நான் கேக்கறேன், நீ பதில் சொல்லு. கதவு?" கிளம்புமுன் தினமும் அவள் கேட்பதும் அவன் 'சரி' என்பதும் வழக்கம்.

"சரி."

"பெல்ட்?"

"சரி..."

"பெட்ரோல்?"

இதற்கு வெகுநேரம் கழித்துத்தான் பதில் வந்தது. சட்டை நனைந்து அவள் விரல் வழுக்கியது. அடிவாரப் பாதையில் வண்டி எதுவும் தெரியவில்லை.

"ஆயில்?"

அவன் கன்னத்தைத் தட்டினாள்.

"ஆயில் எப்படிடா இருக்கு?"

உதடு அசையவில்லை. முடிச்சை இன்னும் இறுக்கினாள். வாயருகே காதை வைத்தாள். தன் மூச்சுதான் கேட்டது. எங்கே நிறுத்துவது என்று தெரியாத தன் புத்தியை அவள் விமானம் விழுந்ததிலிருந்து சபித்துக்கொண்டிருந்தாள். இப்போதும் நிறுத்தத் தெரியவில்லை. முதலிலிருந்து தொடங்கினாள்.

"கதவு? கதவு சொல்லுடா. பெல்ட்? பெல்ட் போட்டியா?"

அவள் மணிக்கட்டில் ஏதோ லேசாக உரசியது. அவன் விரல்.

"ஒருதடவை... சொன்னா... போதாதா?"

"போதாது," என்றாள் அழுதபடி. "இன்னொரு தடவை சொல்லு. கதவு?"