பேனரின் இடது மூலை

நாற்பத்தோரு மணி நேரத்தில் இது பத்தொன்பதாவது தடவை. ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் படிந்த நீரைச் செலின் துண்டால் துடைத்தாள். உள்ளே அப்பாவின் முகம் தெளிந்தது. வாசலில் கார் வந்து நின்றது.

தம்பி ஆன்சன் இறங்கினான். அழுவதற்கு முன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தான். பிறகு பெட்டியின் மேல் விழுந்தான். துடைத்த இடமெல்லாம் மறுபடி மங்கியது.

அப்பா ராயப்பன் அண்ணனூர் மின்ரயில் பணிமனையில் முப்பத்தாறு வருடம் ஃபிட்டர். நுரையீரல் கெட்டு, வியாழன் மாலை நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியில் இறந்தார். அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் செலின் தம்பியை ஏழு தடவை அழைத்தாள். ஜெர்மனியில் எம்.எஸ். படிப்பவன் எடுக்கவில்லை.

"அன்னிக்கு காலேஜ்ல வதைமுகாமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க சித்தப்பா," என்றான் ஆன்சன். "ஹிட்லர் காலத்துல ஆயிரக்கணக்கான பேரை அடைச்சு வச்சுக் கொன்ன எடம். உள்ள போனை ஆஃப் பண்ணிடணும். ஒரு மரியாதைக்கு. அங்க நிக்கும்போதே நெஞ்சுல என்னமோ பண்ணுச்சு. அப்பா கூப்புடற மாதிரி."

"ரத்த பாசம்டா," என்றார் சித்தப்பா மோகன்.

அம்மா அவன் தலையைத் தடவினாள். இனி வருகிறவர்களிடமெல்லாம் அம்மா இந்தக் கதையைத்தான் சொல்வாள். அப்பாவின் சாவு இவனுடைய கதையாகிவிடும்.

செலின் துண்டைப் பிழிந்தாள். ஆஃப் செய்த போனிலிருந்து வியாழன் நம்மூர் நேரம் மூன்று நாற்பத்திரண்டுக்கு அவன் ஸ்டேட்டஸ் போட்டிருந்தான். முகாமின் இரும்புக் கதவு. அதன் முன்னால் ஆன்சன், இரண்டு விரல்களை நீட்டி, எல்லாப் பற்களும் தெரிய.

பரந்தாமன் உள்ளே வந்தார். பணிமனையில் அப்பாவோடு வேலை பார்த்தவர். தெருமுனையில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனர் அவர் ஏற்பாடு.

"இன்னா நைனா, பேனரைப் பாத்தியா? ஒன் போட்டோ எங்கியும் கெடைக்கல. ஸ்டேட்டஸ்லேந்து எடுத்துப் போட்டேன். பின்னால காலேஜ் கேட்டு சோக்கா கீது."

ஆன்சன் தெருமுனைக்கு ஓடினான். செலினும் போனாள். பின்னாலேயே பரந்தாமன் வந்தார்.

மின்கம்பத்தில் கட்டிய பேனரில் அப்பா மூன்றடி உயரத்துக்கு இருந்தார். கீழே வருந்துவோர் வரிசை. இடது மூலையில் 'மகன் ஆன்சன், ஜெர்மனி'. பற்கள் உட்பட.

"கேட்டு மேல இன்னாவோ எழுதிகீதே, இன்னா அது?"

ஆன்சன் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"வேலை விடுதலை தரும்னு ஜெர்மன்ல போட்டிருக்கு அங்கிள், நெட்ல பாத்தேன்," என்றாள் செலின்.

பரந்தாமன் பேனரை நிமிர்ந்து பார்த்தார். "கரெக்டாதான் எழுதிகிறான். முப்பத்தாறு வருசம். மூச்சு வாங்கிகினே வேலைக்கு வருவான் ஒங்கப்பன். இப்பதான் உட்டுகீது." கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாலை வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

ஆன்சன் அக்காவின் கையைப் பிடித்தான்.

"அக்கா, அதைக் கழட்டச் சொல்லு. அடக்கத்தை லைவ் போடறேன்னு கிளாஸ்ல சொல்லியிருக்கேன். பெட்டி இந்த வழியாத்தானே போகும்? ப்ரொஃபசர் பாத்தா அவ்ளோதான். அங்க இதெல்லாம் ரொம்ப சீரியஸ்."

"இங்க?"

"இங்க யாருக்குத் தெரியும்?"

இந்த ஒரு கேள்விக்காக அவன் ஐரோப்பா வரை போய்ப் படித்திருக்க வேண்டாம் என்று செலின் நினைத்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "மூணு நாற்பத்திரண்டு."

அவன் கையை விட்டான். "அக்கா, அது... நெட்வொர்க் லேட்டா..."

"எட்டாவது வாட்டி கூப்புடத்தான் வாட்ஸப்பைத் திறந்தேன். ஒன் ஸ்டேட்டஸ் இருந்துச்சு. அப்பா கையை நீட்டினாரு. காட்டினேன்."

ஆன்சன் பேனரைப் பார்த்தான். செலின் பார்க்கவில்லை.

"ஆக்ஸிஜன் மாஸ்கை எறக்கிட்டாரு. 'காலேஜ் நல்லா கீது. புள்ள சிரிச்சிகினு கீறான், கூப்டாத'ன்னாரு. அதான் கூப்புடல."