பதினெட்டு விநாடிக் குரல்

எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. ஒவ்வொரு படமும் இரண்டு இடத்தில் பதிவாகிவிட்டதா என்று பார்க்காமல் நாற்காலியை விட்டு எழமாட்டாள். வீட்டிலோ, போன் நிறையும்போதெல்லாம் படங்களை ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டுப் போனைக் காலி செய்துவிடுவாள். அப்படிச் சேர்ந்தது பதினோரு வருடம். பஸ் ஓட்டிய கணவர் மாரடைப்பில் போய் இரண்டு வருடமாகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் அப்பா படம் ஒன்று கேட்டாள். டிஸ்க்கைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே முழுக்க சினிமா. டிஸ்க் மாறிவிட்டதோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மகள் ஒட்டிய பூனை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

போன மாதம் சினிமா ஏற்றிப் பார்க்க அதை எடுத்துப்போனவன் தம்பி. கூப்பிட்டாள். திரையைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"டிவியில செருகினதும் ஃபார்மட் பண்ணணும்னு கேட்டுச்சுக்கா. காலி டிஸ்க்னு நெனச்சு ஓகே குடுத்துட்டேன்."

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகள் தோளைப் பிடித்து உலுக்கியதுகூட உறைக்கவில்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் மூன்று நாள் மல்லுக்கட்டினார். பழைய படங்கள் இருந்த இடத்திலேயே சினிமா ஏறி உட்கார்ந்துவிட்டதாம். தேறியவை நாற்பத்துச் சொச்சம். அதிலும் பாதியில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் கட்டம். கணவர் எப்போதும் படம் எடுக்கிற ஆள்தான், படத்தில் நிற்கிற ஆள் இல்லை. அவர் பேசுவது பதிவான ஒரே வீடியோ, மகளுக்கு சைக்கிள் பழக்கியது, போயே போய்விட்டது. வேறு காப்பி இருக்கிறதா என்று பழுது பார்ப்பவர் கேட்டபோது அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தம்பி சும்மா இருக்கவில்லை. அக்கா கணவரோடு வேலை பார்த்தவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினான். ஒரு கண்டக்டரின் பழைய போனில் பதினெட்டு விநாடி வீடியோ கிடைத்தது. டயர் மாற்றியபடியே கணவர் நிமிர்ந்து, "வேடிக்கை பாக்கறவன்லாம் டிக்கெட் எடுங்கடா" என்று சிரிக்கிறார்.

இவ்வளவு கரகரப்பான குரலா? இரண்டே வருடத்தில் அதை மறந்துபோயிருந்தாள். டிஸ்க் காலியானதைக்கூடத் தாங்கிவிட்டாள், இதைத் தாங்க முடியவில்லை.

அன்றைக்கே கிடைத்ததையெல்லாம் மூன்று பிரதி எடுத்தாள். ஒன்று இணையத்தில், ஒன்று வீட்டில். மூன்றாவதைத் தம்பியிடம் நீட்டினாள். அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"என்கிட்ட வேணாம்க்கா."

"உன்கிட்டதான் இருக்கணும். பிடி."