கட்டில் வராத படம்

யாரையாவது திட்டாமல் என் அப்பாவால் கால் மணி நேரம் இருக்க முடியாது. பட்டறையில் வெல்டரைத் திட்டுவார், லாரிக்காரரைத் திட்டுவார், தொலைபேசியில் ராங் நம்பர் வந்தால்கூட அழைத்தவர் வைப்பதற்குள் நாலு வார்த்தை சொல்லிவிடுவார். என்னைத் திட்டக் காரணம் கிடைக்காத நாளில், ஏன் இப்படி உம்மென்று இருக்கிறாய் என்று திட்டுவார். அந்த வாயிலிருந்து தப்பித்த ஒரே ஜீவன் என் கணவர். அவர் மாப்பிள்ளை அல்லவா.

வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை, நீங்க சொன்னா சரிதான் மாப்பிள்ளை. கல்யாணமாகி இரண்டு வருடமாக இதே பாட்டுதான். என் கணவர் உப்பில்லாமல் ஒரு குழம்பு வைத்தபோதும் அப்பா இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எங்களுக்கு மருத்துவமனைக் கட்டில் செய்யும் தொழில். முன்னால் அலுவலகம், பின்னால் பட்டறை. கட்டிலுக்குத் தலைப்பக்கம் ஏறும், கால்பக்கம் ஏறும், ரிமோட் உண்டு, நோயாளி விழாமலிருக்க இரு பக்கமும் கம்பித் தடுப்பு உண்டு. எதை எப்படி இயக்குவது என்பதுதான் வாங்கியவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கூப்பிடுவது என்னை. தடுப்பு இறங்கமாட்டேன் என்கிறது என்பார்கள், ரிமோட் செத்துவிட்டது என்பார்கள், நாலு பேர் சேர்ந்து தள்ளியும் கட்டில் அசையவில்லை என்பார்கள். பிரேக்கை எடுத்துவிட்டுத் தள்ளுங்கள் என்பேன். இந்த மூன்றைத் தவிர வேறு கேள்வி யாராவது கேட்டால் அவர்களுக்குப் பரிசு கொடுப்பது என்று நினைத்திருந்தேன். இதுவரை செலவு வரவில்லை.

எங்களிடம் நிறைய வாங்கும் மருத்துவமனையின் தலைமை நர்ஸுக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது. புதிது புதிதாக நர்ஸுகள் வேலைக்கு வருகிறார்கள், எல்லோருக்கும் நீங்கள் போனில் பாடம் நடத்திக்கொண்டிருக்க முடியாது, திங்கட்கிழமை பயிற்சிக்குள் வீடியோ அனுப்புங்கள் என்றார். அதைப் பார்த்தும் புரியவில்லை என்றால் புதிய கட்டடத்துக்கு வேறு கம்பெனிக் கட்டிலைத்தான் பார்க்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்த ஆர்டரை நம்பித்தான் அப்பா பட்டறையைப் பின்பக்கமாக நீட்டிக் கட்டியிருந்தார். அது கைவிட்டுப் போனால் நீட்டிய பட்டறையில் உட்கார்ந்து நாங்கள் காற்று வாங்க வேண்டியதுதான்.

வீடியோ என்றதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. மாப்பிள்ளை விளம்பரப் படங்களுக்குக் கேமரா பிடித்தவர், இப்போது சொந்தமாகவே படம் எடுப்பவர். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும்? பொறுப்பை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். எதற்காக, யாருக்காக என்று இவர் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குத் தெரியாததா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அலுவலகத்தில் படம் ஓடியது. முதலில் சூரியன் உதித்தது. அவசரமே இல்லாமல் உதித்தது. ட்ரோன் எங்கள் பட்டறைக்கு மேலே பறந்தபோது, கூரையில் காயப்போட்டிருந்த கால்மிதிவரை தெரிந்தது. ஓர் இலையிலிருந்து நீர்த்துளி சொட்டியது. சுருங்கிய கை ஒன்றை இளம் கை ஒன்று பற்றிக்கொள்ள, பரிவு என்பது ஒரு பயணம் என்று ஒரு குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசியது. படம் முடியப்போகிற நேரத்தில் புகைக்கு நடுவே கட்டில் தலையைக் காட்டிவிட்டு மறைந்தது.

அழகாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நீர்த்துளியைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் பிரேக் எங்கே?

அப்பா கைதட்டினார். பிரமாதம் மாப்பிள்ளை என்றார். பிறகு ஏதோ வேலை இருப்பதுபோல என்னைப் பட்டறைக்குள் அழைத்துப்போய், வெல்டிங் மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டார்.

"கட்டில் எங்கம்மா?"

நீங்களே அவரிடம் கேளுங்கள் என்றேன். மாப்பிள்ளை மனசு நோகும், நீ பக்குவமாகச் சொல் என்றார். பயிற்சி நாளைக்கு, பக்குவத்துக்கு நேரமில்லை என்றேன். அப்படியானால் இதையே அனுப்பிவிடலாம் என்று மென்று விழுங்கினார். ஆர்டர் போனாலும் போகட்டும், மாப்பிள்ளையின் முகம் வாடக் கூடாதாம். எனக்கு வந்த கோபத்தில் வெல்டிங் மெஷின் இல்லாமலே இரும்பு உருகியிருக்கும்.

திரும்பி வந்தால் என் கணவர் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். மாமா ரொம்ப ரசித்தார் இல்லையா என்றார். நல்லவேளையாக அப்போது போன் அடித்தது. ஒரு நர்ஸ். தடுப்பு இறங்கவில்லையாம். நான் போனை அப்படியே அவர் கையில் கொடுத்தேன்.

"உங்க படத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்க."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தபடி படத்தை ஓட்டினார். சூரியனைத் தாண்டினார், நீர்த்துளியைத் தாண்டினார், புகையை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். ஒரு நிமிஷம் சிஸ்டர், ஒரு நிமிஷம் சிஸ்டர் என்று அசடு வழிந்தார். கடைசியில் நான்தான் போனை வாங்கி, தடுப்பைக் கொஞ்சம் மேலே தூக்கி, அடியிலுள்ள கொக்கியை அழுத்தி இறக்கச் சொன்னேன்.

அவர் படத்தை மூடினார்.

"அப்புறம் ஏன் மாமா பிரமாதம்னாரு?"

மாமா உங்களிடம் வேறு எதையும் சொல்ல மாட்டார் என்றேன். குழம்பில் உப்பில்லாததையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அது வரவில்லை.

"வெல்டரைத் திட்றாரு, உன்னைத் திட்றாரு. அவங்களுக்கெல்லாம் தப்பு எதுன்னு தெரியுது. எனக்கு மட்டும்தான் தெரியாது. இந்த வீட்ல நான் இன்னும் விருந்தாளிதானா?"

பாவமாக இருந்தது. இத்தனை நாளும் அதை மரியாதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஆனால் மனுஷர் சுருண்டு படுத்துவிடவில்லை. யார் பார்ப்பார்கள், எங்கே பார்ப்பார்கள், என்ன கேட்பார்கள் என்று என்னைக் குடைந்தார். வார்டில் நின்றுகொண்டு கைப்பேசியில் பார்ப்பார்கள் என்றேன். அப்படியானால் கைப்பேசியிலேயே நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் போதும் என்றார். ஒரு கேள்விக்கு ஒரு வீடியோ, எல்லாம் குட்டிக் குட்டியாக. வார்டு சத்தத்தில் வயலின் எதற்கு, இசை வேண்டாம். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டால் விளக்கும் வேண்டாம். வாடகைக்கு எடுத்த புகை இயந்திரத்தைத் தானே மூலைக்குத் தள்ளிவிட்டார். வேலை தெரிந்த மனுஷரிடம் நாங்கள் வேலையைச் சொல்லாமலே கொடுத்திருக்கிறோம்.

விளக்கிச் சொல்ல அப்பாவைக் கூப்பிட்டோம். கேமராவைக் கண்டதும் அவர் விறைத்துப்போய், வணக்கம், நமது நிறுவனமானது என்று ஆரம்பித்தார். நாலு தடவை நமது நிறுவனமானது வந்தது, அதற்குமேல் எதுவும் வரவில்லை. முகமே வேண்டாம், மாமாவின் கைகளை மட்டும் எடுப்போம், நீ நர்ஸ் மாதிரி கேள்வி கேள் என்றார் என் கணவர். முகம் தெரியாது என்றதும் அப்பாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. பிரேக்கும் ரிமோட்டும் சட்டென்று முடிந்தன.

தடுப்புக்கு ஒரு நோயாளி தேவைப்பட்டார். என் கணவர் படுத்துக்கொண்டார். நான் கைப்பேசியைப் பிடித்து, தடுப்பு எப்படி இறங்கும் என்று கேட்டேன். அப்பா மேலே தூக்கினார், கொக்கியை அழுத்தினார். கை இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று எனக்குச் சைகை காட்டிய மாப்பிள்ளை, இன்னொரு கையால் கம்பிகளின் இடுக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். தடுப்பு இறங்க ஆரம்பித்தது.

"டேய், கையை எடுடா. அறிவிருக்கா உனக்கு? விரலைக் கொண்டுபோய் இடுக்குலயா வைப்ப? நசுங்கிப் போச்சுன்னா யாருடா பதில் சொல்றது? மேல் கம்பியைப் பிடிடா, மேல் கம்பியை."

கை வெளியே வந்தது. விரல்கள் எல்லாம் இருந்தன. அப்பாவுக்குத்தான் முகத்தில் உயிரில்லை. மன்னிச்சிடுங்க மாப்பிள்ளை, வாய் தவறிடுச்சு, இதை அழிச்சிடுங்க, வேற எடுக்கலாம் என்று குழறினார்.

மாப்பிள்ளை படுத்தபடியே அவரைப் பார்த்தார்.

"முடியாது மாமா. கையை எங்க வைக்கக் கூடாதுன்னு இதைவிடத் தெளிவா யாராலயும் சொல்ல முடியாது."

அப்பா கெஞ்சினார். ஊரே சிரிக்கும் என்றார், சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்றார். இவர் அசையவில்லை. அப்பாவின் பேச்சுக்கு அவர் மறுப்புச் சொன்னதை அன்றுதான் பார்த்தேன். மூன்று வீடியோக்களும் மாலையில் போய்ச் சேர்ந்தன.

திங்கட்கிழமை அப்பா போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அது அடித்ததும் அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார். தலைமை நர்ஸ்தான். பிரேக்கும் ரிமோட்டும் எல்லோருக்கும் புரிந்துவிட்டதாம். தடுப்பு வீடியோவை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார்களாம். இனிமேல் அந்த இடுக்கில் ஒருத்திகூட விரல் வைக்க மாட்டாள், புதிய கட்டடத்துக்கும் உங்கள் கட்டில்தான் என்றார். அப்பா நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

"ஒன்னு கேக்கணும் சார். அந்தத் திட்டு வாங்கினவரு உங்க பையனா?"

அப்பா எதிரே இருந்த என் கணவரைப் பார்த்தார். மாப்பிள்ளை என்று சொல்ல வாய் திறந்ததும் எனக்குத் தெரிந்தது, மூடியதும் தெரிந்தது.

"ஆமா சிஸ்டர், நம்ம பையன்தான். சொன்ன பேச்சே கேக்க மாட்டான்" என்றார்.