பூஜையில் வைத்த மோட்டார்

வீட்டின் பின்புறம் பதினான்கு அடிக்குப் பத்து அடி காலி இடம். அதில் கார் ஷெட் போட தாமோதரன் நினைத்திருந்தார். அவர் மனைவி காந்தா அங்கே மீன் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

மீன்கள் இருந்தது ஓடாத பழைய ஃபிரிட்ஜில். கதவைக் கழற்றி, மல்லாக்கப் படுக்கவைத்து, ஓட்டைகளை எம்-சீல் வைத்து அடைத்திருந்தாள். பக்கத்தில் செங்கல் அடுக்கின் மேல், நெடுக்காக அறுத்த நீல டிரம். தாம்பரம் காயலான் கடையில் வாங்கியது. அதில் ஜல்லி. ஜல்லியில் அரைக்கீரை. பழைய ஏர் கூலர் ஒன்றிலிருந்து கழற்றிய சின்ன மோட்டார் ஃபிரிட்ஜ் தண்ணீரை டிரம்முக்கு ஏற்றும். மீன் கழிவைக் கீரை எடுத்துக்கொள்ளும். மிச்சத் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்ப ஃபிரிட்ஜில் விழும். மண்ணே கிடையாது. அஸ்தினாபுரம் பிரவுசிங் சென்டரில் இதைப் பற்றி இங்கிலீஷில் பதினோரு பக்கம் பிரிண்ட் எடுத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்துக் கட்டினாள்.

பக்கத்து வீட்டு அமலராணி டீச்சர் முதல் நாள் வந்து பார்த்தாள்.

"எங்க வீட்டு ஃபிரிட்ஜிலயும் மீன் இருக்கு காந்தா. ஆனா நீந்தாது."

கார் விஜயதசமி அன்று வருவதாக இருந்தது. வெள்ளை ஆல்டோ. கணவனும் மனைவியும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். கார் வருவதற்குள் கீரை ஒரு வேளையாவது தட்டில் விழ வேண்டும். கார் வரும்போது மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டும் நடந்தால் இடம் அவளுக்கு. இல்லாவிட்டால் ஷெட்.

கீரை போன வாரமே விழுந்துவிட்டது. தாமோதரன் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். மீன்கள் பாக்கி. நாற்பத்து மூன்று ஜிலேபி மீன் குஞ்சுகள், விரல் நீளம்.

ஆயுத பூஜை காலையில் அவர் கூடத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். ரயில்வே ஷெட்டில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். அரிவாள்மணை, மிக்ஸி, தையல் மிஷின், அவருடைய ஸ்பானர் செட். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

"எல்லா மிஷினும் வெச்சாச்சா?"

"ஆச்சு."

"உன் மோட்டாரு?"

காந்தா அவரைப் பார்த்தாள். இதுவரை அவர் அதை மிஷின் என்று சொன்னதில்லை. 'அந்த டப்பா' என்றுதான் சொல்வார். அவள் ஓடிப்போய் மோட்டாரைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாள். பொட்டு வைத்து மிக்ஸிக்கு முன்னால் வைத்தாள். கரண்ட் ஒரு மணி நேரம் போனபோதெல்லாம் மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றும் ஆகாது என்று நினைத்தாள். பூஜை முடிந்ததும் சந்தோஷத்தில் பொரியில் ஒரு கைப்பிடி மீன்களுக்குப் போட்டாள்.

பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தபோது தண்ணீர் கலங்கியிருந்தது. நாற்பத்து மூன்று வாய்கள் மேலே வந்து திறந்து மூடின.

"ஏங்க."

தாமோதரன் வந்து பார்த்தார்.

"இன்னா, பசியா?"

"மூச்சு முட்டுது. மோட்டார் ஓடினாதான் தண்ணியில காத்து கலக்கும். எடுத்துப் போட்டுடட்டா?"

"பூஜையில வெச்சதை எடுக்கிறதா? நாளைக்குக் காலைல பூஜை பண்ணித்தான் எடுக்கணும். ஷெட்ல எவனும் தொட்டதில்ல."

"அன்னிக்கு ரயில் ஓடலையா?"

"ரயில் ஓடும். எங்க ஸ்பானர் ஓடாது."

"வேற மோட்டார் வாங்கிட்டு வாங்க."

"கடையே பூஜையில கீது."

அவர் ஒரு நிமிஷம் நின்றார். சும்மா நின்றாலே போதும், சாயந்தரம் ஷெட் அவருடையது.

"நல்லா கீதே கதை," என்றார். "மோட்டாரைப் பூஜையில வைன்னு சொன்னது நானு. மீன் செத்து நான் ஜெயிச்சா, பிளான் போட்டுக் கொன்னான்னு சொல்லமாட்டே?"

"சொல்லுவேன்."

"ஆயுசுக்கும் சொல்லுவே." அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "வேற வழி இன்னா?"

"தண்ணியை மொண்டு உசரத்துலேருந்து ஊத்தணும். ஒன்பதாம் பக்கத்துல இருக்கு."

"பக்கெட் கொண்டா."

"பக்கெட்டுக்குப் பொட்டு வெச்சுட்டேன்."

"பக்கெட்டுக்கு ஏன்டி வெச்சே?"

"எல்லாத்துக்கும்னு சொன்னீங்களே."

சொம்புக்கும் பொட்டு. குடத்துக்கும் பொட்டு. அண்டாவுக்கு மாலையே போட்டிருந்தாள். வீடு முழுக்கத் தேடியதில் பொட்டு இல்லாதது குளியலறை மக் ஒன்றுதான். சிவப்பு பிளாஸ்டிக், கைப்பிடி உடைந்தது.

தாமோதரன் மொண்டு தலைக்கு மேல் தூக்கி ஊற்றினார். பாதி ஃபிரிட்ஜில் விழுந்தது. மீதி அவர் மேல்.

"நூறு நானு, நூறு நீ."

அறுபதாவது மக்கில் மீன்கள் கொஞ்சம் கீழே இறங்கின. எண்பதில் அவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. காந்தா வாங்கினாள். அவளுக்கு உயரம் பத்தவில்லை. ஸ்டூல் மேல் ஏறினாள். ஊற்றியது நேராக அவர் வழுக்கையில் விழுந்தது.

"மீன் அங்க கீது."

"தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். அடுத்த மக்கும் அங்கேயே விழுந்தது. இந்த முறை குறி பார்த்து. அவர் மக்கைப் பிடுங்கினார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் துரத்தியதில்லை. டிரம்மை மூன்று முறை சுற்றினார்கள். மூன்றாவது சுற்றில் மீன் ஞாபகம் வந்து நின்றார்கள்.

சத்தம் கேட்டு அமலராணி மதில் மேல் எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"நான் ஒரு நூறு ஊத்தறேன்."

டீச்சர் ஊற்றும்போது சத்தமாக எண்ணினாள், ஒன்றாம் வகுப்புக்கு எண்ணுவது மாதிரி. தாமோதரன் கூடவே எண்ணினார். எழுபத்தேழை அவர் விட்டுவிட்டார். டீச்சர் அவரை எழுபதிலிருந்து திரும்பச் சொல்லவைத்தாள். காந்தா ஸ்டூலில் உட்கார்ந்து, சிரிப்பு தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு மூன்று பேருக்கும் கை தூக்க வரவில்லை. ஊற்றுவதை நிறுத்தினால் கால் மணியில் வாய்கள் மேலே வந்தன.

"நாளைக்கு வரைக்கும் முடியாது," என்றாள் காந்தா. சிரிப்பு போயிருந்தது.

அமலராணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்ல ஒரு ஏர் கூலர் இருக்கு."

"அதனால?"

"அதுக்குள்ள மோட்டார் இருக்குமில்ல? எங்க வீட்ல எதுக்கும் யாரும் பொட்டு வைக்கல."

தாமோதரன் அவளைப் பார்த்தார்.

"இதை ஏன் டீச்சர் முதல்லயே சொல்லல?"

"முதல்ல தோணல. அப்புறம் ஜாலியா இருந்துது."

அவர் யோசித்தார். மோட்டார் வேறு வீட்டுடையது. வேறு சாமியுடையது. அதற்கு இன்று லீவு இல்லை. ஆனால் அவர் கைக்கு லீவு. அமலராணி வீட்டு வராந்தாவில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இடது பக்கம் திருப்புங்க டீச்சர். இடது. இல்ல, உங்க இடது."

"என் இடதுதான் அண்ணா இது."

நாலு ஸ்க்ரூவுக்கு இருபது நிமிஷம் ஆனது. காந்தா அதற்குள் தனியாக நூற்றைம்பது மக் ஊற்றியிருந்தாள். அமலராணி மோட்டாரைத் தண்ணீரில் இறக்கினாள். குழாயை மாட்டினாள். சுவிட்சையும் அவளே போட்டாள். டிரம் மெதுவாக நிறைந்தது. குழாய் ஒரு முறை ஏப்பம் விட்டது. பிறகு தண்ணீர் கொட்டத் தொடங்கியது. மூவரும் ஃபிரிட்ஜைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். வாய்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

மறுநாள் பத்து மணிக்குக் கார் வந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. ஷோரூம் பையன் இன்ஜினை அணைக்காமல் தலையை வெளியே நீட்டினான்.

"உள்ள விடட்டுமா சார்?"

காந்தா வாசல்படியில் நின்றாள். காலையில் இரண்டு முறை எண்ணியிருந்தாள். நாற்பத்து மூன்று. அவரிடம் சொல்லவில்லை.

"உள்ள இடம் இல்ல," என்றார் தாமோதரன். "மீன் கீது."

"மீனா சார்?"

"நாப்பத்து மூணு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவரும் எண்ணியிருக்கிறார்.

"எறங்கி வாப்பா, காட்டறேன்."

"சார், வண்டி சாவி, பேப்பர்ஸ்..."

"அதெல்லாம் அப்புறம். வா."

பையனின் முழங்கையைப் பிடித்துப் பின்புறம் அழைத்துப்போனார். காந்தா பின்னால் போனாள். அவர் டிரம்மைத் தட்டிக் காட்டினார்.

"மீன் போடுற கழிவு இருக்குல்ல, அதுல ஒரு கேஸ் வருது. அந்த கேஸை ஜல்லி குடிக்குது."

அப்படி இல்லை. அவள் திருத்தவில்லை.

"கேஸா சார்?"

"கேஸுதான். பதினோரு பக்கம் போட்டிருக்கான். காந்தா, அந்தப் பேப்பரை எடு."

தெருவில் வழி மறித்து நின்ற ஆல்டோவின் பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். இன்னொரு வண்டியும் சேர்ந்துகொண்டது. தாமோதரன் திரும்பவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஃபிரிட்ஜின் முன் குந்தினார்.

"எண்ணிப் பாரு," என்றார் பையனிடம். "சும்மா எண்ணு."