லிட்டருக்குப் பதினேழு

கத்தாரில் வேலை பார்க்கும் ஃபைஸ் போன லீவில் வந்தபோது அத்தாவுக்கு ஒரு ஹைபிரிட் கார் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடுகிற வண்டி. பாலக்காட்டில் வெல்லக் கடை வைத்திருக்கும் சைனுதீன் மாதம் ஒருமுறை அதில் பொள்ளாச்சி, உடுமலை வழியாக மறையூர் போய்ச் சரக்குப் பார்த்துவிட்டு வருவார். திரும்பியதும் டேங்கை நிரப்பி, மைலேஜ் கணக்குப் போட்டு மகனிடம் சொல்வார்.

“இருபத்திநாலு.”

“நல்லதுங்கத்தா.”

அவ்வளவுதான். மற்றதையெல்லாம் அவர் மனைவி ஹவ்வா ஏற்கெனவே அரைமணி நேரம் பேசித் தீர்த்திருப்பாள். “நீங்க வண்டிக்கு அத்தாவா, அவனுக்கு அத்தாவா?” என்று கேட்டபடி போனை வாங்கிக்கொள்வாள்.

ஏப்ரல் வெயிலில் வழியெல்லாம் ஏசி போட்டுப் போனார். இருபத்தொன்று. அன்றைக்கு ஃபைஸ் பதினோரு நிமிடம் பேசினான். டயரில் காற்று சரியாக இருக்கிறதா, ஏசியை எத்தனையில் வைத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். ஏசி பேட்டரியில்தான் ஓடும், பேட்டரி இறங்கினால் அதை நிரப்ப என்ஜின் எழுந்துகொள்ளும், அதற்கும் பெட்ரோல்தான் என்று விளக்கினான். தெரிந்ததையும் தெரியாததுபோல் கேட்டுக்கொண்டார் சைனுதீன்.

அடுத்த மாதம் ஏசியைப் பதினெட்டில் வைத்துக் கண்ணாடியையும் இறக்கிவிட்டார். பத்தொன்பது. பதினைந்து நிமிடம்.

ஆடியில் மறையூரில் ஆட்கள் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். ஆலையில் வெல்லம் பார்த்து முடித்த பிறகு, கரும்புக்காட்டின் ஓரம் வண்டியை நிறுத்தி, துண்டைப் போர்த்திக்கொண்டு ஏசியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வண்டி சத்தமில்லாமல் இருக்கும். திடீரென்று என்ஜின் எழும், கொஞ்ச நேரம் உறுமும், அடங்கும். அது எழும்போதெல்லாம் அவருக்கு நிம்மதியாக இருந்தது.

பாலக்காட்டில் டேங்கை நிரப்பியபின் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தி, வீட்டுக்குப் போகுமுன் தானே கூப்பிட்டார்.

“பதினேழு” என்றார்.

“மறையூர்ல ரெண்டு மணி நேரம் ஏசி போட்டு நின்னிருக்கீங்க. எனக்குப் போன்ல வண்டியோட ஆப் எல்லாம் காட்டுதுங்கத்தா. அந்தக் குளுருல ஏசி எதுக்குங்க?”

பின்சீட்டில் வைத்த வெல்லம் இளகிவிடும் என்று சொல்லலாம். நம்பக்கூடிய பொய். சைனுதீனுக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

“கொறஞ்சாத்தான் நீ கொஞ்ச நேரம் பேசறே.”

ஒரு லாரி கடந்து போயிற்று.

“சும்மா கூப்பிட வேண்டியதுதானுங்களே அத்தா.”

“சும்மா கூப்பிட்டு என்னன்னு பேசறது?”

வழக்கமாக இந்த இடத்தில் ஃபைஸ் ‘போனை வெச்சறட்டுங்களா’ என்பான். சைனுதீன் காத்திருந்தார். திரையில் நொடிகள் ஓடின. அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்பட்டது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மகன் உட்கார்ந்துவிட்டான்.